தப்பான பட்டியலில் ஒரு பெயர்

இந்த நவம்பரில் அவருடைய பெயரை முறைப்படி வாசித்தேன். இதற்கு முன்பு ஒன்பது நவம்பர்களில் முறைகெட்டு வாசித்திருக்கிறேன். அதனால் இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. அதை ஒருவர் வாயால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லி முடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கொடிக்காரர் என்றால்தான் தெரியும்.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிப் பக்கம் போகிற சாலையை ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் குறுக்கே கடக்கும். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, தார்ச் சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து மண்பாதையில் இறங்கிப் போகும். அந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் ஒரு கையில் சிவப்புக் கொடி, மறு கையில் பச்சைக் கொடி என்று அவர் நிற்பார். தலையிலிருந்து கால் வரை வெள்ளைப் புழுதி. அந்தச் சாலையில் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் நான் டீச்சர். தினமும் காலை பஸ்ஸில் அவரைக் கடந்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால், பல வருடங்கள் அவர்மேல் எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

காரணம் அவருடைய கொடி. லாரி எங்கோ தூரத்தில் புழுதி கிளப்பும்போதே சிவப்பை நீட்டிவிடுவார். பஸ் நின்றுவிடும். லாரி ஆடி அசைந்து வந்து, கடந்து, அதன் புழுதியும் அடங்கிய பிறகுதான் பச்சை. எங்கள் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்துவார்.

“யோவ், அந்த லாரி இன்னும் பொறக்கவே இல்லய்யா! அதுக்குள்ள நிறுத்துற?”

“பொறுங்க, பொறுங்க. அது போவட்டும். நீங்க பின்னால போலாம்.”

யார் திட்டினாலும் இதே பதில், இதே குரல். கோபம் வராது, சிரிப்பும் வராது. பள்ளிக்கூடத்தில் நான் தாமதமாகக் கையெழுத்துப் போட்ட நாட்களில் பாதி அவருடைய புண்ணியம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

ஒருமுறை ஒரு கோழிக்காக பஸ்ஸை நிறுத்தினார். குஞ்சுகளோடு ஒரு கோழி சாலையைக் கடந்தது. பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு முதல் பீரியடு இருந்தது. இன்னொரு தடவை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேர்த் திருவிழா. ஜனங்கள் நடையாகவே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு பக்கமும் லாரிகளை அப்படியே நிறுத்திவிட்டார். கடைசியாக ஒரு கிழவி தடியை ஊன்றிக்கொண்டு, நடுச்சாலையில் நின்று வெற்றிலை எச்சிலைத் துப்பி, மெதுவாகக் கடக்கும் வரை கொடியை இறக்கவில்லை. சுரங்கத்து சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் கொடியை நீட்டிய கை நீட்டியபடியே நின்றார். இது கடமை உணர்ச்சி இல்லை, ஏதோ வியாதி என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆளைக் கோயிலில் பார்ப்பேன். கோயிலில் என்றால் உள்ளே அல்ல. எங்கள் மாதா கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. பூசை தொடங்குவதற்கு முன்பே வந்து அதன் அடியில் நின்றுகொள்வார். நல்ல வேட்டி, சட்டை, தலையில் எண்ணெய். ஊரிலிருந்து நடந்தே வருவார். யாராவது வண்டியில் ஏறச் சொன்னாலும் ஏற மாட்டார். நான் பூசையில் வேத வாசகம் படிக்கிறவள் என்பதால் சீக்கிரம் போவேன். பார்த்தும் பாராமல் போகக் கூடாதே என்று ஒரு வார்த்தை சொல்வேன்.

“உள்ள வாங்க, எடம் இருக்கு.”

“நீங்க போங்க டீச்சர். நான் பின்னால வரேன்.”

வர மாட்டார். பூசை முடியும் வரை மரத்தடிதான். நன்மை வாங்கும் நேரத்தில், சாமியார் கையால் அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் நகரும்போது அவர் திரும்பி நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீக்கடையிலும் இப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் இப்படித்தான். மற்றவர்கள் எல்லாம் முடித்த பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால் அவர். உட்காரும்போது வலது காலை மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மூட்டு வலி போல என்று விட்டுவிட்டேன்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே கோயில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதி அதில் போட வேண்டும். நான் அவற்றைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எடுத்து எழுதி, கல்லறைப் பூசையில் மைக்கில் வாசிப்பேன். தெருவுக்கு ஒருமுறை ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து அந்த ஆன்மாக்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு வேண்டுவார்கள். எனக்கு முன்பு வாசித்தவருக்குக் கண் மங்கிப்போனதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. கையெழுத்து நன்றாக இருப்பதால் வந்த வினை.

நான் அதை ஆசையோடு செய்தேன் என்று சொன்னால் பொய். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு, தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல், கோயிலில் செத்தவர்கள் பட்டியல். பெயர் வாசித்தே என் ஆயுள் போயிற்று. அந்த நாட்களில் என் ஜெபமும் அப்படித்தான் இருந்தது. முழங்கால் போடுவேன், வாய் சொல்லும், மனசு பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நினைக்கும். நான் ஒருநாள்கூடக் கோயிலுக்கு வெளியே நின்றதில்லை. ஆனால் உள்ளே எங்கே இருந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

தெரு எழுதாமல் வருகிற சீட்டுகளைக் கடைசியில் சேர்ப்பேன். வருடா வருடம் அதில் ஒரு சீட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதியது. நான்கு பெயர்கள். ஒரு ஆண், ஒரு பெண், யாருடைய அப்பா அம்மாவோ. மூன்றாவது பெயர் முருகனுடைய பெயர்களில் ஒன்று. நான்காவது ஒரு அப்போஸ்தலருடைய பெயர். முதல் வருடம் மூன்றாவது பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன்.

“சாமி, இது இந்துப் பேரு. வாசிக்கலாமா?”

“செத்தவன்தானே? வாசி.”

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. கலப்புக் கல்யாணம் செய்த குடும்பம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நூற்றுக்கணக்கான பெயர்களை வெயிலில் நின்று வாசிக்கும்போது ஜனங்களும் அவரவர் பெயர் வந்ததா என்றுதான் கேட்பார்கள். அடுத்த வீட்டுச் சாவு யார் காதிலும் ஏறாது.

ஒன்பதாவது வருடம், கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம், எங்கள் பஸ் சரியாக அவர் கொட்டகைக்கு முன்னால் நின்றுபோயிற்று. டயர் வெடித்துவிட்டது. வெயில் தாங்காமல் நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே ஆணியில் ஒரு கட்டுத் தாள் குத்தியிருந்தது. எல்லாம் காலண்டர் தாள். பின்பக்கத்தில் கடந்துபோன லாரிகளின் நம்பரும் டிரைவர் பெயரும். வலப்பக்கம் சாய்த்து எழுதிய அந்தக் கையெழுத்தை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்குக் கையெழுத்து ஏமாற்றாது.

வெளியே வந்து கேட்டேன். “உங்க பேரு என்னங்க?”

சொன்னார். நான்காவது பெயர்.

“அது செத்தவங்க லிஸ்ட்ல இருக்கு.”

“ஆமா டீச்சர். நான்தான் எழுதிப் போடுறேன்.”

எனக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. “என்ன வெளையாட்டா இது? ஒம்பது வருஷமா உயிரோட நிக்கிற ஆளுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுட்டிருந்தேனா நான்? அவ்வளவு ஜனமும் உங்களுக்காகக் கல்லறையில நின்னு வேண்டுச்சு, தெரியுமா?”

“தெரியும் டீச்சர். காம்பவுண்டுக்கு அந்தாண்ட நின்னு கேப்பேன். எம் பேரு வரும்போது எல்லாரும் சேந்து வேண்டுவீங்க பாருங்க, அன்னிக்குத்தான் கொஞ்சம் தூக்கம் வரும்.” கொடியைச் சுருட்டினார், விரித்தார். “எனக்கு வேற யாரு இருக்கா எழுதிப் போட? பொண்டாட்டி அப்பவே விட்டுட்டுப் போயிட்டா. புள்ளைங்க இல்ல. நான் செத்து ரொம்ப நாளாச்சு டீச்சர். பொதைக்கல, அவ்வளவுதான்.”

அன்றைக்கு வேறு பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சொன்னார். அவர் முன்பு அதே சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டியவர். அப்போது அந்த இடத்தில் கொட்டகை கிடையாது, கொடி கிடையாது. ஒருநாள் விடிகிற நேரத்தில் ஒரு கொத்தனார் சைக்கிளில் வந்திருக்கிறார். சிறுவாச்சூர்ப் பக்கத்து ஆள், இங்கே வீட்டு வேலைக்கு வந்து தங்கியிருந்தவர். இந்தக் கடப்பில் லாரியில் அடிபட்டு அங்கேயே உயிர் போய்விட்டது. கேஸ் நடந்தது. கொத்தனார் குடித்துவிட்டுத் தள்ளாடிக் குறுக்கே வந்தார் என்று இவர் கோர்ட்டில் சொன்னார். வேறு சாட்சி இல்லை. விடுதலை செய்துவிட்டார்கள்.

“குடிக்கல டீச்சர் அந்தாளு. கை காட்டுனாரு. நில்லுன்னு கையக் காட்டுனாரு. நான் பாத்தேன். அதுக்குள்ள போயிடலாம்னு அமுத்துனேன்.” வலது காலைக் குனிந்து பார்த்தார். “இந்தக் கால்தான்.”

அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதே இடத்தில் கொடி பிடிக்கிற வேலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பட்டியலில் வந்த மூன்றாவது பெயர் அந்தக் கொத்தனாருடையது.

“சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கலாமே?” என்றேன். டீச்சர் புத்தி, எதற்கும் விடை வைத்திருக்கும்.

அவர் சொன்னதை நான் பதில் என்று எடுத்துக்கொள்ளவில்லை, கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டேன். “கோர்ட்டுலயும் விட்டுட்டாங்க. கோயில்லயும் விட்டுட்டா நான் எங்க டீச்சர் போவேன்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் போய், நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். எங்கள் அப்போதைய சாமியார் வயதானவர். சர்க்கரை வியாதி, இரண்டு முழங்காலும் போய்விட்டன. பிரசங்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. அதற்காகவே ஊருக்கு அவரைப் பிடிக்கும். நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

“நீ அடிக்காத. அவனே வந்து அடிக்கட்டும்” என்றார்.

பூசை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கச் சொல்லி வேப்பமரத்தடிக்குப் போய் அதில் உட்கார்ந்தார். கொடிக்காரர் பதறிக் கும்பிட்டு நின்றார். அன்றைக்கு இருவரும் மழை, வெயில், முந்திரி விலை தவிர எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. சாமியாருக்கு வேறு வேலை இல்லையா என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் முணுமுணுத்தார். காலை ஆகாரம் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஞாயிறு நான் நோட்டுக் கொடுக்கப் போனபோது பேச்சு அந்த இடத்துக்கு வந்திருந்தது. என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார் கொடிக்காரர். இங்கேயும் விட்டுவிட்டால் நான் எங்கே போவேன்?

சாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். “கோர்ட்டுல நீ செய்யலன்னு சொன்ன, அதனால விட்டாங்க. இங்க நீ செஞ்சேன்னு சொன்னாத்தாம்ப்பா விட முடியும். ரெண்டும் ஒண்ணு இல்ல. செய்யாதவனுக்கு இரக்கம் எதுக்கு? அவன் வூட்டுக்குப் போயி காப்பி குடிப்பான்.”

 கொடிக்காரர் மரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே மண்ணில் முழங்கால் போட்டார். சாமியார் பையிலிருந்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற ஊதா நிறப் பட்டியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் அங்கிருந்து விலகிக் கோயில் படியில் வந்து உட்கார்ந்தேன். என்ன சொன்னார், என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் சாமியாரின் கை எழுந்து சிலுவை வரைந்ததை மட்டும் பார்த்தேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. என்னுடைய பாவசங்கீர்த்தனத்தில் நான் ஒருநாளும் அழுததில்லை.

எழுந்து வந்தவரிடம், “இப்பவாவது உள்ள வரலாமில்ல?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். ஒரு எடத்துக்குப் போயிட்டு வரணும். அந்தக் கொத்தனாரு வூட்டம்மாவப் பாக்கணும்.” தயங்கினார். “முன்னாடியே போயிருக்கலாம். ஆனா அப்பப் போயிருந்தா என் பாரத்த எறக்கி அந்தம்மா தலையில வெச்சுட்டு வந்திருப்பேன். இப்ப எறக்கியாச்சு. இனிமே அவங்களுக்குச் சேர வேண்டியத மட்டும் குடுத்துட்டு வந்தாப் போதும். தனியாப் போவ பயமா இருக்கு. நீங்க வரீங்களா?”

சிறுவாச்சூரில் காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த அம்மாள் அந்த இரண்டு நாளும் வாசலில் எலுமிச்சம்பழ மாலை விற்கிறார் என்று விசாரித்துவைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்று அவர் பஸ்ஸில் ஏறினார். விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பெரம்பலூர் வரும் வரை பஸ்ஸின் தரையை வலது காலால் அமுக்கிக்கொண்டே வந்தார், அங்கே பிரேக் இருப்பது போல. முன்னால் ஏதாவது மாடு, சைக்கிள் வந்தால் கூடுதலாக அமுக்குவார். கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குத் தெரிந்தது.  சிறுவாச்சூர் பஸ்ஸிலும் அதே கதைதான்.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். அந்த அம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்து ஊசியில் பழம் கோத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கொடிக்காரர் எதிரில் குந்திக்கொண்டு யார் என்பதைச் சொன்னார். அந்த அம்மாள் நிமிரவில்லை. ஊசி நிற்கவில்லை.

“உங்க வூட்டுக்காரரு குடிச்சிருக்கலங்க. தள்ளாடி வரலிங்க. நிறுத்தச் சொல்லிக் கை காட்டுனாரு. நான்தான் நிறுத்தல. கோர்ட்டுல பொய் சொன்னேன்.”

இரண்டு பெண்கள் வந்து மாலை கேட்டார்கள். அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு கேட்டார்.

“எந்தக் கை?”

“என்னங்க?”

“கை காட்டுனாருன்னியே. எந்தக் கையக் காட்டுனாரு?”

“எடது கைங்க. வலது கையில ஹேண்டில்பாரப் புடிச்சிருந்தாரு.”

அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். “அவருக்கு எல்லாமே எடது கைதான். கொத்துக்கரண்டி புடிக்கிறதும் எடது கைதான்.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.  “பன்னெண்டு வருசமா அவரு படத்துக்கு ஒரு பூ வெச்சதில்ல நான். குடிய வுட்டுட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. ஏமாத்திட்டான், எங்கள நடுத்தெருவுல வுட்டுட்டான்னு கரிச்சுக் கொட்டிட்டே இருந்தேனே. அந்தப் பாவத்த எங்க போயித் தொலைக்கிறது?”

கொடிக்காரர் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.  இந்தப் பாவத்தையும் அவர்தான் செய்தார் என்பது அவருக்கு அங்கே வைத்துத்தான் புரிந்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரு பொய் ஒரு வீட்டுக்குள் புகுந்து, பன்னிரண்டு வருடம் செத்த மனுஷனை அவன் மனைவியிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

“மன்னிப்பெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார் அந்த அம்மாள். “வர்ற திங்கக்கெழம வா. எம் மவன் இருப்பான். அவனும் அப்பன வெறுத்துட்டுத்தான் திரியிறான். இத அவங்கிட்ட இப்பிடியே சொல்லு. எந்தக் கைங்கிறதயும் சொல்லு.”

திங்கட்கிழமை அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான் டீச்சர். அடிப்பான்னு நெனச்சு உக்காந்திருந்தேன். அப்புறம் திரும்பி வந்து ஒரு சொம்பு தண்ணி குடுத்தான்” என்றார். அந்த வாரமே நோட்டை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்தார். ஒரே கோடு. மூன்றாவது பெயரை அடிக்கவில்லை. அதை வருடா வருடம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இந்த அக்டோபரில் காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. நவம்பர் முதல் தேதி காலையில் அந்த அம்மாள் மகனோடு பஸ் ஏறி எங்கள் கோயிலுக்கு வந்தார். செருப்பை வேப்பமரத்தடியில் கழற்றிவிட்டு, என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மகன் எழுதியது. “உங்க கோயில்ல பேரு வாசிப்பீங்களாமே. எங்க வூட்டுக்காரரு பேர இத்தன வருசம் வாசிக்க வெச்சிருக்காரு. அவருக்கு யாரும் இல்லியே. அதான் நாங்க எழுதியாந்தோம்” என்றார். தாளில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. மறுநாள் கல்லறையில் வாசிக்கும்போது என் குரல் கம்மிவிட்டது. மைக் கோளாறு என்று உபதேசியார் ஓடிவந்து ஒயரை ஆட்டினார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்குக் கல்லறை ஞாபகம் வருவதில்லை. அந்த வருடத்துப் பெரிய வியாழன்தான் வரும். சிறுவாச்சூர் போய்வந்த பிறகு, ஈஸ்டருக்கு முன்பு வந்த பெரிய வியாழன். அன்று மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் இடம்பிடிக்க ஊரில் அடிதடி நடக்காத குறை. தெருப் பெரிய மனிதர்கள், புதுவேட்டி, வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி பவுடர் பூசிய கால்கள். முந்தின ஞாயிறு அந்தப் பட்டியலையும் நான்தான் வாசித்தேன். பன்னிரண்டாவதாகச் சாமியார் அவர் கைப்பட ஒரு பெயர் எழுதியிருந்தார். வாசித்ததும், “யாரு அது?” என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் அதே பெயருக்காக வேண்டியவர்கள்தான். ஒருவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை அவர் உள்ளே வந்தார். பெஞ்சின் கடைசி நுனியில், விழுந்துவிடுவது போல உட்கார்ந்தார். சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு எழுவதே பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கையால் பெஞ்சைப் பிடிப்பார், மூச்சு வாங்குவார். வழக்கப்படி எல்லாரும் வலது காலை நீட்டினார்கள். பதினொன்று முடிந்தது. இவர் முறை வந்தபோது இடது காலை நீட்டினார்.

ஜனங்கள் மெல்லச் சிரித்தார்கள். கோயில் வழக்கம் தெரியாதவர் என்று நினைத்திருப்பார்கள். சாமியார் தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தார்.

“அந்தக் கால்” என்றார்.

“வேணாம் சாமி. இது போதும்.”

“அதத்தாம்ப்பா கழுவணும்.”

நான் வாசக மேடையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேர் குரலும் எனக்குக் கேட்டது. அவர் வலது காலை பெஞ்சுக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். சாமியார் எழுந்திருக்கவில்லை. அந்தக் கல் தரையில் அவருடைய கெட்டுப்போன முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. சிரிப்பு அடங்கிவிட்டது. கொடிக்காரர் அந்த முழங்கால்களையே பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை வெளியே எடுத்தார். வெடித்த குதிகால், என்ன தேய்த்தும் போகாத சுண்ணாம்பு வெள்ளை. சாமியார் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். மற்ற கால்களுக்கு ஊற்றியதைவிட அதிகமாக, செம்பு காலியாகும் வரை ஊற்றினார். துடைத்தார். குனிந்து முத்தம் கொடுத்தார்.

அவர் அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வரிசையில் போனார்கள். வாசகம் படிக்கிறவள் என்பதால் எனக்கு எப்போதும் முன்னிடம். நான் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது அவர் பெஞ்சின் நுனியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்.

“நீங்க போங்க டீச்சர், நான்…”

“இல்லங்க” என்றேன். “நீங்க முன்னால போங்க. நான் பின்னால வரேன்.”

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு போனார்.